அறுபதில் நின்ற திரை

என் மேசைக்கு வரப்போகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். வேலையை விட்டுப் போகும்போது அனுபவம் எழுதி வைப்பது தலை நரைத்தவர்கள் செய்கிற காரியம். எனக்கு இன்னும் முப்பத்திரண்டு முடியவில்லை. கடைசி நாளன்று எல்லோரும் சேர்ந்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சொல்லாமல் விட்டது வீட்டுக்கு வந்த பிறகும் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதலாமா, யாராவது தவறாக எடுத்துக்கொள்வார்களா என்று பலமுறை யோசித்தேன். எழுதாமல் விட்டால் நீங்கள் அதே இடத்தில் போய் நிற்பீர்கள் என்பதுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

நம் கம்பெனி சாயப்பட்டறை மிஷின்களுக்கு கன்ட்ரோலர் பெட்டி செய்கிறது. ஒரு லாட், அதாவது ஒரு தடவைக்குப் போடும் துணி, உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். நீராவி வால்வைத் திறந்து மூடி, சாயத் தண்ணீரைச் சொன்ன சூட்டில் நிறுத்துவது பெட்டியின் வேலை. பெட்டிக்குள் சிறிய லினக்ஸ் போர்டு. அந்த போர்டில் வாட்ச்டாக், அதாவது காவல் நாய், என்று ஒரு டைமர் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று காட்ட சிஸ்டம் அதை அவ்வப்போது தட்டிக்கொண்டிருக்க வேண்டும். தட்டு வரவில்லை என்றால், இது செத்துவிட்டது என்று முடிவு செய்து போர்டை அணைத்து மறுபடி கிளப்பிவிடும். அப்படி அணையும்போது நீராவி வால்வு தானாக மூடிக்கொள்ளும். நீங்கள் படித்துவிட்டு வருவீர்கள், இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பி வந்தபோது என் மகளை ரோஸ்லின் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டுக்கு அடுத்த வீடு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன் ஒரு சாயப்பட்டறையில் மிஷின் ஆபரேட்டர். அங்கே ஓடுவது நம் பெட்டிதான்.

நான் ஆபீஸிலிருந்து அடிக்கடி போன் செய்வேன். "அக்கா, பாப்பா என்ன பண்றாங்க்கா?" என்று வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிடும். "நல்லாத் தூங்குதும்மா. நீ சோலியப் பாரு."

ஒருநாள் சாயங்காலம் போய்த் தூக்கினால் குழந்தை உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மத்தியானத்திலிருந்தே காய்ச்சலாம். "ஏங்க்கா, நல்லா இருக்கான்னீங்களே?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அக்கா துணியை நனைத்துப் பிழிந்துகொண்டே சொன்னார்: "நீ அங்க கெடந்து பதறுவேன்னுதான் சொல்லல தாயி. பதறி என்ன செய்ய? பஸ்ஸப் புடிச்சு வாரதுக்குள்ள காச்சலே எறங்கிரும்."

அவர் சொன்னதில் கள்ளம் எதுவும் இல்லை. என் நிம்மதிக்காகச் சொன்ன பதில். அடுத்த நாளிலிருந்து நான் கேள்வியை மாற்றினேன். "பாப்பாவுக்கு இப்ப எந்தக் கைல வளையல் கெடக்குதுங்க்கா?" "எந்தப் பக்கமாப் படுத்திருக்கா?" இதற்கெல்லாம் எழுந்து போய்ப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. அக்கா சிரிப்பார். "நீ ஆபீஸ்ல வேல பாக்கியா, போலீஸ்ல வேல பாக்கியா? இரு, பாத்துட்டு வாரேன்." செருப்பு தேயும் சத்தம் தூரத்தில் கேட்கும். அந்தச் சத்தம்தான் எனக்கு நிம்மதி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தோணி அண்ணனுக்கு அது நடந்தது.

காட்டன் துணிக்கு அறுபது டிகிரியில் சாயம் ஏறும். அறுபதுக்கு வந்ததும் ஆபரேட்டர் பம்பை நிறுத்தி, மூடியின் திருகுகளைக் கழற்றி, துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்து ஷேடு, அதாவது நிறம், சரியா என்று பார்ப்பார். திருப்பூரில் எந்தப் பட்டறையிலும் இதுதான் வழக்கம். அன்று திரையில் அறுபது என்று இருந்தது. அண்ணன் மூடியைத் திறந்தார். பக்கத்து மிஷின்களின் இரைச்சலில் கேட்காமல், உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆவியும் சாயத் தண்ணீரும் பீறிக்கொண்டு இரண்டு கைகளிலும் மார்பிலும் அடித்தன.

மருத்துவமனையில் பார்த்தபோது முழங்கைக்குக் கீழே கட்டு. விரல்களுக்கிடையில் கட்டுத் துணியையும் மீறி நீலச் சாயம் தெரிந்தது. "அறுபதுதாம்மா இருந்துச்சு. என் புள்ளைக மேல சத்தியமாச் சொல்லுதேன்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வலியைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. பட்டறையில் வேறு மாதிரி முடிவு செய்திருந்தார்கள்: திரையைப் பார்க்காமலே திறந்துவிட்டார், கவனக்குறைவு. மிஷினின் தொட்டியில் பொருத்தியிருந்த முள் காட்டும் சூட்டுமானி உடைந்து, மாற்றப்படாமலே கிடந்தது. திரை வந்த பிறகு அது எதற்கு என்று யாரும் கவலைப்படவில்லை. ஆக, அண்ணனுக்குச் சாட்சி சொல்லக்கூடியது நம் பெட்டி ஒன்றுதான். ஆட்கள் ஓடிவந்த பதற்றத்தில் யாரோ மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டிருந்தார்கள். மறுபடி போட்டபோது பெட்டி ஒழுங்காக ஓடியது; அந்தச் சாட்சியும் போனது.

ரோஸ்லின் அக்கா வார்டு வாசலில் என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டார்: "கோகிலா, அது உங்க ஆபீஸ் பொட்டிதானாம்லா. அது பொய் சொல்லுமா தாயி?"

"தெரியலீங்க்கா" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே உண்மையான பதில் அதுதான். ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் அது நழுவலாக ஒலித்தது.

எங்கள் எம்.டி.யிடம், பெட்டியைச் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டேன். "பாருங்க. ஆனா நாமளா எதையும் ஒத்துக்கறாப்பல பேசாதீங்க" என்றார். சேவூரில் விவசாயம் பார்த்த குடும்பத்திலிருந்து படித்து வந்து, சொந்தமாகக் கம்பெனி வைத்தவர். கெட்டவர் இல்லை. பயந்திருந்தார். அந்தப் பயம் எனக்கும் புரிந்தது.

சோதனை மேசையில் ஒரு எவர்சில்வர் வாளியில் தண்ணீர் வைத்து, வாட்டர் ஹீட்டர் கம்பியை, பெட்டியில் நீராவி வால்வை இயக்கும் ரிலே ஸ்விட்சில் இணைத்தேன். சூடு காட்டும் சென்சாரையும் தண்ணீரில் போட்டேன். அறுபதைத் தொடும் நேரத்தில் சென்சார் கேபிளைப் பாதியில் பிடுங்குவேன். பலமுறை ஒன்றும் ஆகவில்லை. பெட்டி பிழை என்று காட்டி ஹீட்டரை நிறுத்தியது. அண்ணன்தான் ஏதோ பதற்றத்தில் தப்பாகப் பார்த்திருப்பாரோ என்று எனக்கே தோன்றத் தொடங்கியது. அடுத்த முறை பிடுங்கியபோது சென்சாரின் பதில் நடுவில் அறுந்திருக்க வேண்டும். புரோகிராம் மீதிப் பதிலுக்காகக் காத்து அப்படியே நின்றுவிட்டது. திரை அறுபதில் நின்றது. ரிலேயின் சிவப்பு விளக்கு அணையவில்லை. வாளியில் முதலில் சின்னக் குமிழிகள், பிறகு பெரியவை. தண்ணீர் தளதளவென்று கொதித்து மேசையில் சிந்தியது. திரையில் அறுபது. வாட்ச்டாக் குரைக்கவில்லை.

ஏன் குரைக்கவில்லை என்று, லினக்ஸின் அடிப்பகுதியான கெர்னலில் வாட்ச்டாக்கை இயக்கும் டிரைவரைத் திறந்து பார்த்தேன். வாட்ச்டாக்கைத் தட்டும் வரி, கெர்னலின் டைமர் இன்டரப்டுக்குள், தானாக ஓடும் கடிகாரத் துடிப்புக்குள், இருந்தது. அதாவது, மிஷினை ஓட்டுகிற புரோகிராம் செத்தாலும், கெர்னலுக்கு மூச்சிருக்கிற வரை, 'எல்லாம் நல்லா இருக்கு' என்று தட்டு போய்க்கொண்டே இருக்கும். எழுந்து போய்ப் பார்க்காமல் சொல்லும் பதில்.

அதை எழுதியவர் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீனியர். அப்போது பெங்களூரில் இருந்தார். போனில் கேட்டேன். சொன்னார்:

"முன்னாடி புரோகிராமே தட்டிட்டிருந்துச்சு கோகிலா. கொஞ்சம் மெதுவானாக்கூட ரீசெட் ஆயிரும். நடு லாட்டுல நின்னா ஷேடு மாறிப்போகும். ஒரு பட்டறை ஓனர் போர்டைக் கழட்டிட்டு வந்து என்ற மேஜை மேல எறிஞ்சாரு. 'இது இனி நிக்கக்கூடாது' அப்படின்னாரு. நிக்காத மாதிரி பண்ணிக் குடுத்தேன். அப்புறம் ஒருத்தர்கூட கம்ப்ளைன்ட் சொல்லலீங்களே."

பிறகு, "அந்த ஆளுக்குக் கை எப்படி இருக்கு?" என்றார். சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

அவரை நீங்கள் எளிதாக எடைபோட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். புகார் நின்றதும் கோளாறு தீர்ந்தது என்று நினைப்பது, இந்தத் தொழிலில் நாம் எல்லோரும் தினமும் செய்வது.

திருத்துவது எளிது என்று நினைத்தேன். தட்டும் வேலையை மறுபடி புரோகிராமிடம் கொடுத்துவிட்டால் போதும் என்று தோன்றியது. எழுதியும் விட்டேன். புரோகிராமுக்குள் தட்டுவதற்கென்று தனியாக ஓடும் ஒரு கிளை, ஒரு திரெட். வாளியை வைத்துப் பார்த்தால், சூட்டைப் படிக்கும் பகுதி நின்றுவிட்டது. தட்டும் திரெட் மட்டும் ஜோராகத் தட்டிக்கொண்டிருந்தது. பொய்யை ஒரு இடத்திலிருந்து எடுத்து இன்னொரு இடத்தில் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அப்போது மத்தியானம். வழக்கம்போல் வீட்டுக்கு போன் செய்தேன். அக்கா மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டு, என் குழந்தையையும் இடுப்பில் சுமந்துகொண்டிருந்தார். வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன் என்று நான் சொன்னதற்கு, "அது இருந்தாத்தான் எனக்கு இந்த வீட்ல இருக்க முடியுது" என்று சொல்லிவிட்டார். எந்தக் கையில் வளையல் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அவரே சொன்னார்: "ரெண்டு கைலயும் கெடக்கு தாயி. பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

போனை வைத்த பிறகுதான் டிரைவரை எப்படி எழுதுவது என்று தெரிந்தது. தட்டினால் போதும் என்பதை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் டிரைவர் ஒரு புது எண்ணைக் கொடுக்கும். சூட்டைப் படிக்கும் பகுதி, வால்வைத் தீர்மானிக்கும் பகுதி, திரையில் எழுதும் பகுதி, மூன்றும் தங்கள் வேலையை முடித்த பிறகு அந்த எண்ணை ஒவ்வொன்றும் ஒருமுறை மாற்ற வேண்டும். கடைசியில் சரியான எண் திரும்பி வந்தால்தான் டைமரின் கெடு தள்ளிப்போகும். ஒரு பகுதி வேலை செய்யாவிட்டாலும் பதில் தப்பாகிவிடும். தப்பான பதில் வந்தால் முதலில் நீராவி வால்வை மூடும். பிறகும் பதில் இல்லையென்றால் போர்டை அணைத்துக் கிளப்பும். ஒருமுறை ஓட ஆரம்பித்த வாட்ச்டாக்கை எந்த புரோகிராமாலும் நிறுத்த முடியாது.

மிச்சமிருந்தது ஒன்றுதான். எவ்வளவு நேரம் காத்திருப்பது? குறைவாக வைத்தால் காரணமில்லாமல் லாட் நிற்கும், சீனியருக்கு நடந்தது எனக்கும் நடக்கும். அதிகமாக வைத்தால் இன்னொருவர் கை வெந்துபோகும். என்ன எண் போட்டாலும் அடுத்த நிமிடம் சந்தேகம் வந்தது. கடைசியில் மருத்துவமனைக்கே போனேன்.

"அண்ணா, திரைல அறுபது பாத்ததுக்கு அப்புறம் மூடி தொறக்க எவ்ளோ நேரமாகுமுங்க?"

அவர் யோசித்தார். பிறகு கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் தூக்கி, காற்றில் பம்பை நிறுத்தினார். கண்ணுக்குத் தெரியாத திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்று இறுகியிருந்தது போல முகத்தைச் சுளித்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியைத் தூக்கும் இடம் வந்ததும் கைகள் அந்தரத்தில் நின்றன. அதற்கு மேல் அவரால் செய்துகாட்ட முடியவில்லை. ரோஸ்லின் அக்கா வந்து கைகளைப் பிடித்து மெதுவாகத் தலையணை மேல் வைத்தார்.

டிரைவரில் இன்று இருக்கும் அந்த எண் அங்கிருந்து வந்தது. யாராவது சௌகரியத்துக்காக அதை நீட்டச் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாளியை எம்.டி.க்குக் காட்டினேன். கொதிக்கிற தண்ணீரையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார். "புதுசை உடனே போட்டுருங்க. வாட்ச்டாக் கோட் மேம்படுத்தியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. பழசைக் கிளறோண்டாமுங்க" என்றார். அண்ணன் சொன்னது உண்மை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் தலையாட்டினேன். வீட்டுக்குப் போய் அக்காவிடம், "பொட்டி பொய் சொல்லுமுங்க்கா. நான் கண்ணால பாத்துட்டேன்" என்றேன். அக்கா அழவில்லை. "அத அங்க போய்ச் சொல்லு" என்றார்.

நானாகப் போய்ச் சொல்வதற்கு முன் பட்டறையே எங்களைக் கூப்பிட்டது. புதிய புரோகிராம் போட்ட சில நாட்களில், உப்புப் படிந்து பழுதான கேபிளால், அண்ணன் ஓட்டிய அதே மிஷினில் சென்சாரின் பதில் அறுந்து, பெட்டி நடு லாட்டில் தன்னை நிறுத்திக்கொண்டது. நேவி புளூ துணி முழுக்க ஷேடு மாறிவிட்டது. எம்.டி.யும் நானும் போனோம். ஓனர் வெள்ளைச் சட்டையுடன் ஈரத் தரையில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கம்மிணி. மேம்படுத்தியிருக்கறோம்னு சொன்னீங்க. இதுதானுங்களா மேம்பாடு? முன்ன நல்லாத்தான ஓடிட்டிருந்துச்சு? என்ற லாட்டு போச்சு. பாரின்காரன்கிட்ட உங்க வாட்ச்டாக்கு நாய் கடிச்சிருச்சுன்னு சொல்லட்டுங்களா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். எம்.டி. என் பக்கம் திரும்பி மெதுவாக, "பழையதையே போட்டுக் குடுத்துரலாங்களா?" என்றார்.  இந்த இடத்தில்தான் நீங்களும் ஒருநாள் நிற்பீர்கள். சுற்றி நிற்கிற எல்லோரும் ஒரே விஷயத்தைக் கேட்பார்கள், அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கும்.

"போட்டுத் தரேனுங்க" என்றேன். "ஆனா வெறும் தண்ணியில ஒருக்கா ஓட்டிப் பாத்தரலாமுங்க. நீங்க பக்கத்துலயே நில்லுங்க."

எம்.டி.க்குப் புரிந்துவிட்டது.  பழைய புரோகிராமை ஏற்றினேன். துணி இல்லாமல் தண்ணீர் மட்டும் சூடேறியது. அறுபதுக்கு வரும்போது அந்தப் பழுதான கேபிளை அசைத்தேன். இரண்டு மூன்று தடவை பிழை காட்டி நின்றது. "என்னங்க, வெளையாட்டா?" என்றார் ஓனர். மறுபடி ஓட்டினேன், மறுபடி அசைத்தேன். திரை அறுபதில் நின்றது. நீராவிக் குழாய் விடாமல் இரைந்துகொண்டிருந்தது. பம்ப் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. காத்திருந்தோம்.

"அறுபதுதானுங்களே காட்டுது. நல்லாத்தான இருக்கு" என்று ஓனர் பொறுமையிழந்து பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, தானே மூடியின் திருகில் கை வைத்தார்.

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். அதற்குள் சூப்பர்வைசர் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்திருந்தார். "சாமி, கை வெக்காதீங்க சாமி!"

பம்ப் நின்ற அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. உள்ளே கடகடவென்ற சத்தம். மூடியின் விளிம்பெங்கும் ஆவி சீறிக்கொண்டு வெளியே வந்தது. திரையில் அறுபது.

ஓனர் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளங்கையைத் திருப்பினார், புறங்கையைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

"அந்தோணி அண்ணன் பாத்துட்டுத்தான் தொறந்தாருங்க" என்றேன்.  சொல்லாதே என்று சொல்லப்பட்டதை எம்.டி.யின் பக்கத்தில் நின்றே சொல்லிவிட்டேன்.

"அதான் தெரியுதுங்களே" என்றார் ஓனர். பிறகு, "புதுசே இருக்கட்டும். அவனை வேலைக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

 திரும்பி வந்து ஆபீஸ் வாசலில் வேனிலிருந்து இறங்கும்போது எம்.டி., "மத்த பட்டறைகளுக்கும் நாளைக்கே ஆள் அனுப்போணும்" என்றார். அனுப்பினோம்.

இது நல்லபடியாக முடிந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுப் பிரித்த பிறகு அண்ணனின் வலது கை விரல்கள் மடங்கவில்லை. கூப்பிட்ட மரியாதைக்கு ஒருநாள் பட்டறைக்குப் போனார். திருகைப் பிடிக்க முடியவில்லை. வேறு வேலை தருகிறோம் என்றார்கள், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளி விடுமுறை வந்ததும் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பஸ் ஏறும்போது என் மகள் ரோஸ்லின் அக்காவின் சேலையை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு இரண்டு இடங்களில் குழந்தையை விட்டுப் பார்த்தேன். போனில் "நல்லா இருக்குதுங்க" என்று உடனே பதில் வரும். கேள்வியை மாற்றிக் கேட்டால் எரிச்சலானார்கள். எனக்கு வேலை ஓடவில்லை. நான் வேலையை விட்டதற்குக் காரணம் இதுதான். சரியாகத்தான் முடிவு செய்தேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சோதனை மேசைக்குக் கீழே அந்த வாளி இருக்கும். இடம் அடைக்கிறது என்று யாராவது தூக்கிப் போடச் சொல்வார்கள், விடாதீர்கள். டிரைவரில் ஒரு வரி மாற்றினாலும் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். நிற்காத மிஷின் வேண்டும் என்று கேட்பவரையும் கூப்பிட்டு, வாளிக்குப் பக்கத்தில் நிற்க வையுங்கள். மற்றதெல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இன்று ஊருக்கு போன் செய்தேன்.

"அண்ணன் எப்படி இருக்காருங்க்கா?"

"நல்லா இருக்காவம்மா." கேட்டு முடிப்பதற்குள் வந்த பதில்.

வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். வாய் கேட்டுவிட்டது. "இன்னைக்கு எந்தக் கைல சாப்டாருங்க்கா?"

 போய்ப் பார்க்கிறாரோ என்று செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"நான்தாம்மா ஊட்டிவிட்டேன்" என்றார் அக்கா.